27 டன் இரும்பில் 18 கிராம்: உளுந்தின் இரும்புச்சத்தை உரத்தால் கூட்ட முடியுமா?

தை பிறந்ததும் காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி வயல்கள் அறுப்புக்குத் தயாராகும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, அடியுரம் கிடையாது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவதால் பாசனமும் பெரும்பாலும் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் இரவுப் பனியும்தான் பயிரை நடத்திச் செல்கின்றன.

இந்தத் தரிசு உளுந்து நிற்கும் மாதங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: "அன்னபேதி (இரும்பு சல்பேட்) அடித்தால் இலை பச்சை கட்டும், உளுந்தில் இரும்பு ஏறும், அதைச் சாப்பிட்டால் ரத்தசோகை போய்விடும்." ஒரே மூச்சில் மூன்று கூற்றுகள். இலை மஞ்சளானதற்குக் காரணம் இரும்புக் குறைதான் என்றால் முதல் கூற்று உண்மை. இரண்டாவது ஓரளவுக்கு உண்மை. மூன்றாவதை அப்படியே நம்பினால் ஆபத்து. மூன்றையும் பிரித்துப் பார்க்காததால்தான் ஒருவர் மூட்டைக் கணக்கில் இரும்பு சல்பேட்டை வயலில் கொட்டுகிறார். இன்னொருவர் எல்லாம் வீண் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்.

ஒதுக்கிவிடக்கூடிய விஷயமும் இல்லை இது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டுக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காடு. ரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு; ஆனாலும் இரும்புப் பற்றாக்குறை அதில் பெரும்பங்கு. இட்லியும் தோசையும் அன்றாடச் சாப்பாடாக இருக்கும் வீடுகளில், உளுந்து வழியாகக் கொஞ்சம் இரும்பு கூடும் என்றால் அந்த வழியை ஒழுங்காகப் புரிந்துகொள்வது நல்லது.

## முதலில் பெயர்க் குழப்பம்

ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து வரும் சத்து மணிகளைப் பார்த்திருப்பீர்கள். அரிசி மாவோடு இரும்பு, போலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் வார்த்தவை அவை. இப்படி, விளைந்த பிறகு வெளியிலிருந்து சத்தைச் சேர்ப்பது செறிவூட்டல்.

செடி வளரும்போதே தன் விதையில் கூடுதல் சத்தைச் சேமித்துக்கொள்ளும்படி செய்வது உயிர்ச்செறிவூட்டல். அதற்கு முக்கியமாக இரண்டு பாதைகள். ஒன்று, இயல்பிலேயே அதிக இரும்பு சேர்க்கும் ரகத்தைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது; இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய தனசக்தி கம்பு அப்படி வந்ததுதான். இன்னொன்று, இருக்கிற ரகத்துக்கே உரம் கொடுத்துச் சத்தைக் கூட்டுவது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

உரப் பாதை எல்லாச் சத்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பின்லாந்து நாடு 1984 முதல் தன் உரங்களில் செலினியத்தைச் சேர்த்து, மக்கள் உடம்பில் அந்தச் சத்தை உயர்த்திக் காட்டியது. துத்தநாகத்தையும் இலைவழித் தெளிப்பால் கோதுமை மணியில் நன்றாகவே ஏற்ற முடிகிறது. இரும்பு மட்டும் முரண்டு பிடிக்கும் சத்து. ஏன் முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்தால், எங்கே பணம் போடலாம், எங்கே போடக்கூடாது என்பது தானாகப் புரிந்துவிடும்.

## மேட்டூர் நிரம்பினால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுமா?

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேவையில்லை. மேட்டூர் 120 அடியைத் தொட்டிருக்கும். வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். தண்ணீர் இல்லாமலா? இருக்கிறது. கல்லணை, ஆறு, கிளை வாய்க்கால், மடை என்று வரிசையாக இருக்கும் கதவுகளில் ஏதோ ஒன்று அடைபட்டுக் கிடக்கிறது. அந்த நேரத்தில் மேட்டூரில் இன்னும் ஓர் அடி ஏறுவதால் கடைமடை வயலுக்கு ஒன்றும் ஆகாது.

இரும்பும் அப்படித்தான். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 900 டன். அதில் நூற்றுக்கு 3 பங்கு இரும்பு என்று வைத்தால் 27 டன் இரும்பு உங்கள் காலுக்குக் கீழே கிடக்கிறது. அதே ஏக்கரில் 300 கிலோ உளுந்து விளைந்து, கிலோவுக்கு 60 மில்லிகிராம் இரும்பு இருந்தால், களத்துக்கு வரும் மொத்த இரும்பு 18 கிராம். ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி உப்பின் எடை.

27 டன்னிலிருந்து 18 கிராம். அதை 22 கிராமாக்க வேண்டும் என்பதுதான் நம் வேலை. அதற்கு இன்னும் பத்து கிலோ இரும்பை மண்ணில் கொட்டுவது மேட்டூரில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். எந்த மடை அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பதே வழி. மண், வேர், விதை, வயிறு என்று நான்கு மடைகள் இருக்கின்றன.

## முதல் மடை: மண்

மண்ணில் இரும்பு இரண்டு வடிவங்களில் இருக்கிறது. தண்ணீரில் கரைவது பெரஸ். காற்றோடு சேர்ந்து துருவாகிக் கரையாமல் போனது பெரிக். செடிக்கு வேண்டியது முதல் வகை. மண்ணில் மலைபோல் கிடப்பது இரண்டாம் வகை.

நெல் நிற்கும்போது வயலில் தேங்கிய நீர், மண்ணுக்குள் காற்று போகவிடாமல் தடுக்கிறது. காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள், மூச்சுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பெரிக் இரும்பைப் பயன்படுத்தி அதைப் பெரஸாக மாற்றிவிடுகின்றன. நடவு வயலில் வடிகால் ஓரமாகச் செம்பழுப்பு ஏடு படர்வதும், பிடுங்கிய நெல் வேரில் துருநிறம் பூசியிருப்பதும் அந்தக் கரைந்த இரும்பு மீண்டும் காற்றைத் தொட்டதன் அடையாளம். அதாவது, நெல்லுக்கு இரும்புப் பஞ்சம் அநேகமாக வராது.

அறுப்புக்காக நீரை வடித்ததும் கதை தலைகீழாகிறது. காற்று உள்ளே போகிறது; சில நாட்களில் பெரஸ் மறுபடியும் துருவாகிறது. அந்த நேரத்தில்தான் உளுந்து முளைக்கிறது. நெல்லுக்குத் தாராளமாக இருந்த இரும்பு, அதே வயலில் உளுந்துக்குப் பூட்டிக் கிடக்கிறது. சேறடித்து இறுகிய மண்ணில் உளுந்தின் வேர் ஆழமும் போக முடியாது. மேல்மண் காயக் காய இரும்பு வேரை நோக்கி நகர்வதும் குறையும்.

இதற்கு மேல் மண்ணின் காரத்தன்மை. அமில, காரத் தன்மையை அளக்கும் எண் பி.எச்.; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். பி.எச். ஓர் எண் ஏறினால் பெரிக் இரும்பின் கரைதிறன் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. 6 இருக்கும் வயலுக்கும் 8 இருக்கும் வயலுக்கும் இடையில் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். கடலோரப் பகுதிகளிலும் உள்ளே திட்டுத்திட்டாகவும் காணும் களர் நிலங்களில் பி.எச். 8.5-ஐத் தாண்டும், உளுந்து முதலில் வெளிறுவது அங்கேதான். புது ஆற்றுப் பாசனத்தில் வரும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் கலந்த நிலங்களில் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு.

மண் பரிசோதனை அறிக்கையில் இரும்பு என்று போட்டிருக்கும் எண், மொத்த இரும்பைக் காட்டுவதல்ல. செடிக்குக் கிடைக்கக்கூடிய இரும்பை மட்டும் காட்டுவது. தமிழ்நாட்டில் சுண்ணாம்பு இல்லாத மண்ணுக்குக் கிலோவுக்கு 3.7 மில்லிகிராமும், சுண்ணாம்பு மண்ணுக்கு 6.3 மில்லிகிராமும் வரம்பாகக் கொள்கிறார்கள். உங்கள் எண் இதற்கு நன்றாக மேலே இருந்தால் மண் மடை திறந்தே இருக்கிறது என்று அர்த்தம்.

இதுவரை: இரும்பு மண்ணில் ஏராளம். காற்றும் காரமும் அதைத் துருவாக்கிப் பூட்டுகின்றன. மண்ணில் போடும் இரும்பு சல்பேட்டும் சில நாளில் அதே துருவாகிவிடும். தரிசு உளுந்தில் உழவே இல்லாததால் உரம் மேற்பரப்பிலேயே கிடந்து இன்னும் சீக்கிரம் கெடும்.

## இரண்டாம் மடை: வேர்

பயறு வகைச் செடிகள் இரும்புக்காகக் காத்திருப்பதில்லை. குறை தெரிந்ததும் வேர் நுனி அமிலத்தைக் கசிந்து, தன்னைச் சுற்றிய மண்ணின் பி.எச்.-ஐக் கீழே இழுக்கிறது. கரைந்து வரும் பெரிக்கை வேரின் மேல்தோலிலேயே பெரஸாக மாற்றி உள்ளே வாங்கிக்கொள்கிறது. சுண்ணாம்பு மண்ணில் இந்த அமிலம் வீணாகிறது. எவ்வளவு கசிந்தாலும் சுண்ணாம்பு விழுங்கிவிடும். எதிர்பாராத தை, மாசி மழையில் வயல் ஊறி நின்றால் அங்கே பைகார்பனேட் சேர்ந்து நிலைமை மேலும் மோசமாகும். மழைக்குப் பத்து நாள் கழித்து உளுந்து மஞ்சளாவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது வேண்டியது வடிகால். உரக்கடைக்கு ஓடுவது அடுத்ததுதான்.

பயறுச் செடிக்கு இரும்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்று பார்க்க ஒரு செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே ரோஜா நிறம் இருந்தால் முடிச்சு உயிரோடு வேலை செய்கிறது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின் என்ற பொருளால் வருவது. பெயரே சொல்கிறது, நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவு; அதன் நடுவிலும் இரும்புதான். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் நொதியும் இரும்பால் ஆனது. இரும்பு குறைந்தால் முடிச்சு குறையும், முடிச்சு குறைந்தால் தழைச்சத்து குறையும், தழைச்சத்து குறைந்த செடி விதைக்கு எதையும் ஒழுங்காக அனுப்பாது. அதனால் ரைசோபியம் (வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா) விதைநேர்த்தியை இரும்போடு சம்பந்தமில்லாத சடங்காக நினைக்க வேண்டாம். ஆறிய வடிகஞ்சியில் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்தித் தெளிப்பது அரை மணி நேர வேலை. பூஞ்சாணக்கொல்லி நேர்த்தியும் செய்வதாக இருந்தால் அதை ஒரு நாள் முன்பே முடித்துவிட வேண்டும்.

## மூன்றாம் மடை: இலையிலிருந்து விதைக்கு

இலைக்கு வந்து சேர்ந்த இரும்பில் பெரும்பகுதி பச்சையம் இருக்கும் நுண்ணறைகளில் வேலைக்கு அமர்ந்துவிடுகிறது. ஓரிடத்தில் அமர்ந்த இரும்பு சுலபமாக எழுந்திருக்காது. இரும்புக் குறை முதலில் இளந்தளிரில் தெரிவது இதனால்தான்: பழைய இலை தன்னிடம் உள்ளதைத் தளிருக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

விதை முற்றும் நாட்களில் இலைகள் மூப்படையும்போது கொஞ்சம் இரும்பு விடுபடும். அது தனியாகவும் போக முடியாது, வழியிலேயே படிந்துவிடும். செடி தயாரிக்கும் சில கரிமப் பொருட்கள் அதைக் கையில் பிடித்துக் காய்க்கும் விதைக்கும் தூக்கிச் செல்கின்றன. விதைக்குள் போனதும் பெர்ரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் அது அடைக்கப்படுகிறது. ஒரு கூட்டில் 4500 இரும்பு அணுக்கள்வரை கொள்ளும். எவ்வளவு உள்ளே விடுவது என்பதை ரகம் தன் இயல்பில் கட்டுப்படுத்துகிறது. வாசலில் எவ்வளவு குவித்தாலும் களஞ்சியத்தின் கதவு அதன் அளவுக்குத்தான் திறக்கும். உரத்தால் இரும்பைக் கூட்டுவதற்கு உச்சவரம்பு முக்கியமாக இங்கேதான் இருக்கிறது.

## மஞ்சள் எல்லாம் இரும்புக் குறை இல்லை

தெளிப்பதற்கு முன் இதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இரும்புக் குறையில் நுனியில் உள்ள இளம் இலைகள் வெளிறும். நரம்புகள் மட்டும் பச்சையாக, வலை பின்னியதுபோல் தெரியும். தழைச்சத்துக் குறையில் அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளாகும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயில் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். பக்கத்துச் செடி நன்றாக இருக்கும்போது ஒரு செடி மட்டும் முழுக்க மஞ்சளாக நிற்கும். தேமலுக்கு இரும்பு அடித்தால் பணமும் நாளும் போகும், அதற்குள் நோய் வயல் முழுக்கப் பரவியிருக்கும். தேமல் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழிக்க வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, வெளிறிய இலையின் ஒரு பாதியில் மட்டும் பஞ்சால் தடவுங்கள். ஒரு வாரத்துக்குள் தடவிய பாதி பச்சை கட்டினால் குறை இரும்புதான்.

## இலைவழித் தெளிப்பு: அளவும் முறையும்

மண் மடையையும் வேர் மடையையும் தாண்டி நேராக இலையில் கொடுப்பதால்தான் இம்முறை தரிசு உளுந்துக்குப் பொருந்துகிறது.

அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடையில் சொல்வதும், உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று விற்பதும் அடிப்படையில் ஒரே உப்பு. வயலுக்கு உரத் தரத்தில் உள்ளதை வாங்குங்கள். அதில் சுமார் 19 முதல் 20 விழுக்காடு இரும்பு. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள்: இளம்பச்சைப் பரலாக இருக்க வேண்டும். மஞ்சளோ பழுப்போ ஏறியிருந்தால் மூட்டைக்குள்ளேயே துருவாகத் தொடங்கிவிட்டது. விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஏக்கருக்கு 200 லிட்டர் நீர், 1 கிலோ இரும்பு சல்பேட், 200 கிராம் சிட்ரிக் அமிலம். இது 0.5 விழுக்காட்டுக் கரைசல். ஒரு மாவுக்கு, அதாவது 33 சென்டுக்கு, 66 லிட்டர் நீர், 330 கிராம் உப்பு, 66 கிராம் சிட்ரிக் அமிலம். 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராமும் 10 கிராமும்; 16 லிட்டர் பேட்டரி டேங்குக்கு 80 கிராமும் 16 கிராமும்.

கலக்கும் வரிசையை மாற்றக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் முதலில் நீர், அதில் சிட்ரிக் அமிலம், நன்றாகக் கரைந்த பிறகு இரும்பு சல்பேட். ஆழ்குழாய் நீரில் பைகார்பனேட் அதிகம். அமிலம் இல்லாத நீரில் உப்பைப் போட்டால் கண்ணெதிரே கரைசல் பழுப்பாகிக் கலங்கிவிடும். கலங்கியது துரு, அதை இலை உறிஞ்சாது. சிட்ரிக் அமிலம் நீரின் காரத்தைக் குறைப்பதோடு, வயல் நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோல் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்படி உலோகத்தைப் பிடித்துக் கரைசலிலேயே வைத்திருக்கும் சேர்மத்தைத்தான் கிலேட் என்கிறார்கள். கடையில் கிடைக்கும் இ.டி.டி.ஏ. இரும்பு இதன் வலுவான வடிவம். தெளிப்புக்கு நல்லது, கார மண்ணில் இட்டால் நிற்காது. கார மண்ணிலும் நிற்கக்கூடிய இ.டி.டி.எச்.ஏ. வகை உண்டு, ஆனால் உளுந்து கொடுக்கும் வருமானத்துக்கு அந்த விலை கட்டாது.

கரைசலைத் துணியில் வடிகட்டி, ஒட்டும் திரவம் சிறிது சேர்த்து, மாலை நான்கு மணிக்கு மேல் தெளியுங்கள். தை, மாசிப் பனி இங்கே நமக்கு உதவி: இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் உறிஞ்சுவதற்கு நேரம் கிடைக்கிறது. கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் அது பழுப்பு நீர்.

முதல் தெளிப்பு பூக்கும் தருணத்தில், இரண்டாவது காய் பிடித்து மணி திரளும்போது. இலை பச்சையாக வேண்டும் என்பது மட்டும் நோக்கமென்றால் முன்பே அடிக்கலாம். விதையில் ஏற வேண்டும் என்றால் இரண்டாவது தெளிப்பைத் தவறவிடக்கூடாது, ஏனெனில் இரும்பு விதைக்கு நகரும் காலம் அதுதான்.

## எங்கே கெடுகிறது

டெல்டாவில் இது கெடுவதற்கு முதன்மைக் காரணம் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தரும் டி.ஏ.பி. உரம். உளுந்துக்குப் பூக்கும்போது ஒருமுறையும், பதினைந்து நாள் கழித்து ஒருமுறையும் 2 விழுக்காடு டி.ஏ.பி. தெளிப்பது வழக்கமான பரிந்துரை: ஏக்கருக்கு 4 கிலோவை முதல்நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை எடுத்து 200 லிட்டராக்கி அடிப்பார்கள். இரும்பையும் அதே பருவத்தில் கொடுக்க வேண்டும் என்றதும், கூலி மிச்சம் என்று இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்றிவிடுகிறார்கள். டி.ஏ.பி.-யின் மணிச்சத்தும் இரும்பும் சந்தித்த நொடியில் கரையாத இரும்பு பாஸ்பேட் படிந்துவிடும். முனை அடைக்கும், இரண்டு உரமும் வீண். கூலி இரண்டு மடங்கானாலும் தனித்தனியாகத்தான் அடிக்க வேண்டும். 30-ஆம் நாள் டி.ஏ.பி. என்றால் 36, 37-இல் இரும்பு, 45-இல் டி.ஏ.பி. என்றால் 51, 52-இல் இரும்பு. செம்பு கலந்த பூஞ்சாணக்கொல்லி, சுண்ணாம்பு எதையும் இதோடு சேர்க்க வேண்டாம்.

அடுத்தது, "கொஞ்சம் கூடவே போடுவோம்" என்ற ஆசை. 1 விழுக்காட்டுக்கு மேல், அதுவும் வெயிலில் அடித்தால், இலை ஓரம் கருகிப் புள்ளி விழும். கருகிய இலை விதைக்கு எதையும் அனுப்பாது. கணக்கும் தேவையில்லை என்கிறது: ஒரு கிலோ உப்பில் 200 கிராம் இரும்பு இருக்கிறது, நமக்கு விதையில் கூட வேண்டியது மூன்று, நான்கு கிராம்.

மூன்றாவது, மணிச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுப்பது. மண்ணில் மணிச்சத்து மிகுந்தால் இரும்பும் துத்தநாகமும் உள்ளே போவது குறையும். கூடவே விதையில் பைட்டேட் பெருகும். பைட்டேட் என்பது விதை தன் மணிச்சத்தைச் சேமித்து வைக்கும் வடிவம். முளைக்கும் கன்றுக்கு அது சீர்வரிசை, நம் வயிற்றில் இரும்பைக் கட்டிப்போடும் கயிறு. அதைப் பற்றி நான்காம் மடையில் பார்ப்போம்.

இதுவரை: இலைவழியாக, 0.5 விழுக்காடு, சிட்ரிக் அமிலத்தோடு, மாலையில், பூவிலும் மணி திரளும்போதும். டி.ஏ.பி.-யிலிருந்து ஒரு வார இடைவெளி.

## அப்படியானால் எவ்வளவு கூடும்?

மண்ணில் இரும்பு கிடைக்காமல் வெளிறிய பயிர் என்றால் மகசூலும் சேர்ந்து கூடும். அங்கே செலவு கட்டாயம் திரும்பி வரும். ஏற்கெனவே பச்சையாக நிற்கும் பயிரில் விதையின் இரும்பு சிறிதளவே ஏறும், சில நேரம் ஏறாமலும் போகும். ரகமும் மண்ணும் பருவமும் அதைத் தீர்மானிக்கின்றன.

நல்லபடியாக 20 விழுக்காடு கூடியதாகவே வைத்துக் கணக்குப் போடுவோம். தோலோடு கூடிய உளுந்தில் நூறு கிராமுக்குச் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு. ஒருவர் நாளில் 50 கிராம் சாப்பிட்டால் 3 மில்லிகிராம். தெளித்த உளுந்தில் 3.6. ஒரு வயதுவந்த பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த அளவு நாளுக்கு 29 மில்லிகிராம். கூடியது 0.6 மட்டுமே. தினமும் சேரும் சிறுவாட்டுக் காசாக அதற்கு மதிப்பு உண்டு. மாத்திரையின் இடத்தில் அதை வைக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் மாத்திரை ஒன்றிலேயே 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையை, "நம் வயல் உளுந்து இருக்கிறதே" என்று நிறுத்தவே கூடாது.

## நான்காம் மடை: வயிறு

பயறில் உள்ள இரும்பு முழுதும் ரத்தத்துக்குப் போவதில்லை. நூறில் ஐந்து பங்கு போனதாக வைத்தால், 3 மில்லிகிராமில் 0.15. மீதியைப் பைட்டேட்டும் தோலில் உள்ள துவர்ப்புப் பொருட்களும் பிடித்துக்கொண்டு வெளியேற்றிவிடும். தெளிப்பால் 20 விழுக்காடு கூடினால் 0.15 என்பது 0.18 ஆகும். அதே சாப்பாட்டில் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா எதையாவது சேர்த்து உறிஞ்சும் பங்கு ஐந்திலிருந்து பத்தானால், 0.15 என்பது 0.30 ஆகும். வயலில் இரண்டு முறை டேங்க் தூக்கியதைவிட ஒரு நெல்லிக்காய் அதிகம் செய்கிறது. இரண்டையும் சேர்த்தால் 0.36.

வைட்டமின் சி இரும்பைக் கரையும் வடிவிலேயே வைத்திருக்கிறது. வாளியில் சிட்ரிக் அமிலம் செய்த வேலைக்கு இது பக்கத்து வேலை. சமைத்தால் இது அழியும் என்பதால் எலுமிச்சையை இறக்கிய பின் பிழிய வேண்டும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு முளைகட்டினால், விதையின் சொந்த நொதியே பைட்டேட்டை உடைக்கும். இட்லி மாவு இரவில் பொங்கும்போதும் புளிப்பும் நுண்ணுயிர்களும் அதே வேலையைச் செய்கின்றன. தோல் நீக்கிய வெள்ளை உளுந்தில் நூறு கிராமுக்குச் சுமார் 4.7 மில்லிகிராம்தான் இரும்பு. தோலோடு போகிற பங்கைத் தக்கவைக்க, கறுப்பு உளுந்தை ஊறவைத்து இட்லிக்கு அரைக்கலாம், உளுந்தங்களி கிண்டலாம். இரும்புச் சட்டியில் புளி சேர்ந்த குழம்பு வைத்தாலும் கொஞ்சம் இரும்பு இறங்கும்.

காபியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டிபனோடு அல்லது டிபன் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் குடிக்கும் காபியும் டீயும் பயறின் இரும்பு உறிஞ்சப்படுவதைக் கணிசமாகக் குறைக்கின்றன. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி அப்படிக் குறைப்பதில்லை. விடிகாலைக் காபியை யாரும் விட வேண்டாம்; இட்லிக்குப் பிந்தைய டம்ளரைத்தான் தள்ளி வைக்க வேண்டும்.

## உங்கள் வயலில் சோதித்துப் பார்க்க

அடுத்த தையில் முழு வயலுக்கும் அடிக்காமல், நடுவில் நான்கு மீட்டர் அகலப் பட்டை ஒன்றைத் தெளிக்காமல் விடுங்கள். விட்ட பட்டையிலும் அதே நாளில் வெறும் சிட்ரிக் அமில நீரை அடியுங்கள், அப்போதுதான் வித்தியாசம் இரும்பால் வந்ததா என்று தெரியும். முற்றிய காய்களை இரண்டு பகுதியிலிருந்தும் கையால் தனித்தனியாகப் பறித்து, சுத்தமான துணியில் உலர்த்தி, கையாலேயே உரியுங்கள். சாலையிலும் களத்திலும் அடித்த உளுந்தைப் பரிசோதனைக்கு அனுப்பக்கூடாது: மண்ணில் நூறுக்கு மூன்று இரும்பு என்பதால், மணியில் ஒட்டிய ஒரு சிட்டிகைத் தூசியே முடிவை உயர்த்திக் காட்டிவிடும். ஒவ்வொன்றிலும் 250 கிராம் எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் வேகமாக அலசி உலர்த்தி, புதுப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தெளித்தது, தெளிக்காதது என்று பை மேல் எழுதி அனுப்புங்கள். பையை மூட ஸ்டேப்ளர் பின்னைத் தவிர்த்து நூலால் கட்டுங்கள், பின்னும் இரும்புதான்.